வாயில் மஞ்சள் சோற்றோடு சொன்ன வார்த்தை

வெள்ளைக் கப்பல் ஒன்று எஞ்சின் நின்றுபோய், நீரோட்டத்தில் பக்கவாட்டாகப் போய்க்கொண்டிருந்ததைப் பார்த்ததும் ஜுனைதி முதலில் கயிற்றைத்தான் எடுத்தான். யாருடைய கப்பல், என்ன கொடி, உள்ளே இருக்கிறவன் நல்லவனா என்பதையெல்லாம் கயிறு கட்டின பிறகு கேட்டுக்கொள்ளலாம். ஆச்சே கரையில் அப்படித்தான். கடலில் தவிக்கிறவனைக் கண்டால் இழுத்து வரவேண்டும். பிணத்தைக் கண்டாலும் கொண்டு வரவேண்டும். வலையில் மீன் இருக்கிறதே என்று யோசித்து விட்டுவிட்டு வந்தவனை, மீனவர் வழக்குகளைப் பார்க்கிற கடல் தலைவர் கூப்பிட்டு விசாரிப்பார். அவன் படகு கொஞ்ச காலம் மணலில் கிடக்கும். வெள்ளிக்கிழமை கடலுக்குப் போகக்கூடாது என்பது போல இதுவும் ஒன்று. இதற்காக யாரும் கூட்டம் போட்டுப் பேசியது கிடையாது.

அன்றைக்குப் படகு நிறையச் சூரை மீன். கனத்த கப்பலை இழுத்துக்கொண்டு ஊர்ந்து வந்ததில் ஐஸ் எல்லாம் கரைந்து, கரை சேரும்போது மீன் கோழித் தீவனத்துக்குத்தான் லாயக்காக இருந்தது. எஞ்சின் பார்க்கிற கிழவர் அபா சாலே ஒரு மீனை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "இத்தனை வருசத்துல இவ்ளோ பெருசா எதுவும் புடிச்சதில்ல, பாவாங். ஆனா குழம்பு வெக்க முடியாதே," என்றார். படகை நடத்துகிறவனுக்கு அங்கே பாவாங் என்று பேர். ஜுனைதியின் தம்பி முக்லிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

கப்பலில் வந்தவர்கள் நீரிணைக்கு அக்கரையில் இருக்கும் நெறிகள் மரியாதை மன்றத்தார். ஒவ்வொரு மக்களுக்கும் ஒவ்வொரு நெறி உண்டு, ஒருவர் நெறியை இன்னொருவர் தலையில் கட்டக்கூடாது என்பதைக் கரை கரையாகப் போய் ஆராய்கிறவர்கள். ஆராய்ச்சியில் மூழ்கியிருந்ததால் டீசல் தீர்ந்துபோனதைக் கவனிக்கவில்லை.

கடலில் பிழைத்து வந்தவர்களை ஊர் சும்மா அனுப்பாது. இலைக்கொத்தால் தண்ணீர் தெளித்து, தலையில் அரிசி தூவி, மஞ்சள் போட்டு அவித்த பசையரிசிச் சோற்றைத் தேங்காய்ப்பூவோடு வாயில் ஊட்டிக் குளிர்விப்பார்கள். முக்லிஸின் மனைவி சுரைதாதான் அன்றைக்குச் சோறு அவித்தாள். மன்றத்தின் தலைவர் முனைவர் கிளாரன்ஸ் சப்பணம் போட்டு உட்கார்ந்து வாயைத் திறந்தார். சோற்றை மென்றுகொண்டே கண் கலங்கினார். ஒரு கையை ஜுனைதியின் தோளிலும் இன்னொரு கையை முக்லிஸின் தோளிலும் போட்டுக்கொண்டு, ஊர் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"உங்க ஆளு ஒருத்தர் இந்தத் தண்ணியில காணாமப் போனா, அவரு எங்க ஆளு. இந்தக் கப்பல் தேடி வரும். இது என் வார்த்தை."

பிறகு எல்லாருக்கும் மன்றத்தின் சின்னம் போட்ட ஆரஞ்சுத் தொப்பி கொடுத்தார்கள். இரண்டு கைகள் ஒன்றையொன்று தொடாமல் வணங்கிக்கொள்வதுதான் சின்னம். முக்லிஸ் அதைத் தூங்கும்போது மட்டும் கழற்றினான்.

அந்த ஊரில் மஞ்சள் சோற்றை வாயில் வைத்துக்கொண்டு ஒருவன் சொன்னது சொன்னதுதான். வெட்டுக்குத்துக்காரர்கள் அந்தச் சோற்றைத் தின்று சமாதானமாகிப் பேரப்பிள்ளை எடுத்திருக்கிறார்கள். ஆகவே ஊர் ஒரு தப்புச் செய்தது. அக்கரைக்காரர் சோற்றை விழுங்கினாரா, வார்த்தையையும் சேர்த்து விழுங்கினாரா என்று யாரும் பார்க்கவில்லை.

அடுத்த பருவத்தில் முக்லிஸ் சின்னப் படகில் தனியாகத் தூண்டில் போடப் போனான். மத்தியானத்துக்கு மேல் காற்று திரும்பியது. அவன் திரும்பவில்லை.

கடல் தலைவர் துறைமுகக் கொடியை இறக்கி மீன்பிடிப்பை நிறுத்தினார். மூன்று நாள் எந்தப் படகும் வலை போடவில்லை. எல்லாம் தேடத்தான் போயின. முக்லிஸோடு வாய்க்கால் தகராறில் பேசாமல் இருந்தவன்கூடத் தன் சொந்த டீசலை ஊற்றிக்கொண்டு போனான். ஒன்றும் அகப்படவில்லை. அந்தப் பருவத்தில் நீரோட்டம் கிழக்கே, அக்கரையின் எல்லைக்குள் இழுத்துக்கொண்டு போகும். இந்தக் கரைப் படகு அந்த எல்லைக்கோட்டைத் தாண்டினால் காவல் கப்பல் பிடித்துக்கொள்ளும். மன்றத்தின் வெள்ளைக் கப்பலுக்கு மட்டும் இரண்டு பக்கமும் போக அனுமதி உண்டு.

"அந்த ஆளு சோறு தின்னாரே, பாங்," என்றாள் சுரைதா. கணவனின் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவாள். "போய்ச் சொன்னா வந்துருவாரு." அவள் குரலில் சந்தேகம் துளியும் இல்லை. ஜுனைதிக்கும் இல்லை. அன்றைக்கே பயணிகள் கப்பலில் ஏறினான்.

மன்றம் கண்ணாடியால் கட்டினது. வாசல் காவலாளி ஜுனைதியின் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டினான். ஜுனைதியின் செருப்பைப் பார்த்து, உங்கள் நெறிப்படி கழற்றிவிட்டு வாருங்கள் என்றான். உள்ளே எல்லாரும் பூட்ஸ் போட்டுக்கொண்டு நடந்தார்கள். அது அவர்கள் நெறி. தரை பனிக்கட்டியாகக் குளிர்ந்தது.

ஆராய்ச்சிக் கப்பலிலிருந்து முந்தின நாள்தான் வேறொரு படகில் கரை திரும்பியிருந்த செயலாளர் மேடம் ஓடெட் ஓடி வந்து இரண்டு கையாலும் வரவேற்றார். அவன் வாயைத் திறப்பதற்குள் சிவப்பும் மஞ்சளுமாக ஜரிகை வைத்த உயரமான தலைப்பாகை ஒன்றை அவன் தலையில் கவிழ்த்தார். உங்கள் பண்பாட்டை நாங்கள் மறக்கவில்லை பாருங்கள் என்றார். அது ஆச்சேயில் மாப்பிள்ளை நிக்காஹ் அன்றைக்கு வைக்கிற தலைப்பாகை. தம்பியைக் கடலில் பறிகொடுத்துவிட்டு வந்தவன் கல்யாண மாப்பிள்ளையாக நின்றான். கழற்றினால் அவர்கள் மனம் கோணுமோ என்று வைத்துக்கொண்டே இருந்தான்.

தம்பி மிதந்துகொண்டிருப்பான், கப்பல் இன்றைக்கே கிளம்ப வேண்டும் என்று அவன் சொன்னதும் எங்கோ 'டிங்' என்று ஒரு மணி அடித்தது.

மேடம் ஓடெட் அவன் காதருகே குனிந்து விளக்கினார். இந்தக் கட்டடத்துக்குள் யாரும் யாரையும் இதைச் செய்தாக வேண்டும், அதைச் செய்யக்கூடாது என்று சொல்வதில்லை. அது நெறித் திணிப்பு. அப்படி வாய்தவறிச் சொன்னால் மணியடிக்க ஓர் அதிகாரி சம்பளத்துக்கு இருக்கிறார். வருத்தப்படாதீர்கள், புதிதாக வருகிற எல்லாருக்கும் மணி அடிப்பதுதான்.

"கழுத்துல அட்டை கட்டாயம்னு வாசல்ல சொன்னாங்களே. அப்ப அடிக்கலையே?" என்று கேட்டான் ஜுனைதி.

"அது நெறி இல்லைங்க. அது நிர்வாகம்."

கப்பல் ஆராய்ச்சிக்காகக் கடலில் இருக்கிறது, அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் முதலில் குழு கூடிப் பேச வேண்டியிருக்கும் என்றார்கள். மணி அடிக்கவில்லை. விருந்தினர் அறையில் அவனைத் தங்க வைத்தார்கள். அவன் ஊர்ச் சாப்பாடு என்று மாசிக் குழம்பு வந்தது, சர்க்கரை போட்டிருந்தார்கள். ஒவ்வொரு நாளும் காலையில் அவன் காவலாளியிடம் போய்க் கப்பல் வந்துவிட்டதா என்று கேட்டான். ஒவ்வொரு நாளும் காவலாளி அட்டையைச் சரிபார்த்தான்.

குழு கூடியது. எல்லாரும் எழுந்து நான்கு சுவருக்கும் திரும்பித் திரும்பி, இதுவரை யார் நெறியையாவது அறியாமல் மிதித்திருந்தால் மன்னிப்புக் கேட்டார்கள். கிழக்குச் சுவருக்குப் பின்னால் கழிவறை. அதற்கும் கேட்டார்கள்.

முதல் கேள்வியை ஒரு கண்ணாடிக்காரர் கேட்டார். "உங்க தம்பி காப்பாத்தப்படறதை விரும்புவாருன்னு நீங்க எதை வச்சு நினைக்கிறீங்க?"

ஜுனைதிக்குக் கேள்வி விளங்கவில்லை. திரும்பக் கேட்கச் சொன்னான். திரும்பக் கேட்டார்கள். அப்போதும் விளங்கவில்லை.

"அவனுக்குப் பொண்டாட்டி இருக்காங்க," என்றான்.

அதைக் கண்ணாடிக்காரர் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டு, 'இல்லறம் சார்ந்த நெறி' என்று பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தார். உலகத்தில் சில மக்கள் கடல் எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கேட்பது கடலுக்குச் செய்கிற அவமானம் என்று நினைப்பதாகவும், அவர்களுடைய மனமும் புண்படாமல் பார்த்துக்கொள்ள மன்றம் கடமைப்பட்டிருப்பதாகவும் சொன்னார். டிங். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கடமைப்பட்டிருக்கிறது என்பதை எடுத்துவிட்டு, ஆசைப்படுகிறது என்று மாற்றிக்கொண்டார். அந்த மக்கள் யார், எந்தக் கரை என்று ஜுனைதி கேட்டதற்கு, அப்படி யாரும் இன்னும் அகப்படவில்லை, ஆனால் இருக்க வாய்ப்புண்டு என்றார்கள்.

முனைவர் கிளாரன்ஸ் மறுநாள்தான் குழுவுக்கு வந்தார். அவரைக் கண்டதும் ஜுனைதிக்கு உயிர் வந்தது. தலைப்பாகையோடு எழுந்து, ஊரில் சோறு தின்றதையும் தோளில் கை போட்டதையும் சொன்னதையும் அப்படியே சொன்னான். அவர் ஒரு வார்த்தையையும் மறுக்கவில்லை. முகத்தில் அன்று பார்த்த அதே கனிவு.

"மறக்க முடியுமா, பாவாங். என் வாழ்க்கையிலேயே நெகிழ்ச்சியான நாள் அது. ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நான் அதை எங்க சொன்னேன்? உங்க சடங்குக்குள்ள உக்காந்து சொன்னேன். உங்க சடங்குல அந்த இடத்துல ஒரு வார்த்தை சொல்றது வழக்கம்னு எங்க ஆளுங்க சொல்லியிருந்தாங்க. உங்க வழக்கத்துக்கு மரியாதை குடுத்துச் சொன்னேன். நாடகத்துல தாலி கட்டினவன் நிஜமா புருஷனாயிடுவானா?"

"சோத்தை நிஜமாத்தானே முழுங்கினீங்க," என்றான் ஜுனைதி.

குழு இதை ரசித்துச் சிரித்தது. வாய்மொழி மரபு என்று யாரோ பாராட்டினார்.

"அப்ப நாங்க எதுக்குய்யா கயிறு போட்டோம்? எங்க மீனு பூராவும் அழுகிப் போச்சு. நீங்க யாருன்னுகூட நாங்க கேக்கல."

முனைவர் கிளாரன்ஸ் எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, ஜுனைதியின் பக்கத்தில் உட்கார்ந்தார். பெரிய அறிவாளிகளிடம் பேசுவது போல் இல்லாமல், நெருங்கின சொந்தக்காரனுக்குச் சொல்வது போலச் சொன்னார்.

"அது உங்க நெறி, பாவாங். அது உங்களைக் கட்டும். எங்களைக் கண்டும் விட்டுட்டுப் போயிருந்தா உங்க ஊர்ல உங்க படகை மணல்ல ஏத்தியிருப்பாங்க. அந்தப் பழி வராம நீங்க தப்பிச்சது நாங்க அங்க மிதந்துக்கிட்டிருந்ததாலதான். யாரு யாருக்கு உதவி பண்ணினாங்கன்னு பாத்தா, கணக்கு அவ்ளோ எளிசு இல்ல. எங்க நெறி என்னன்னா, உங்க நெறியை மதிக்கிறது. அதுல குறுக்கிடாம இருக்கிறது. உங்க தம்பியை நாங்க போய்த் தூக்கினா, உங்க ஊரு செய்யவேண்டியதை நாங்க புடுங்கிக்கிட்டதா ஆயிடும். அந்த ஆணவம் எங்களுக்கு வேண்டாம்."

தான் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்றுகூட ஜுனைதிக்கு ஒரு கணம் தோன்றியது. அந்த மனிதர் அவ்வளவு நன்றாகப் பேசினார். பிறகு, "தண்ணி உப்புங்க. அதைக் குடிக்க முடியாது. அவன் எத்தனை நாளு தாங்குவான்?" என்று மட்டும் கேட்டான்.

அதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. மதியச் சாப்பாடு ஒன்றுதான் எல்லா மக்களின் நெறிக்கும் பொருந்துவது என்று மன்றம் பல வருட ஆராய்ச்சியில் கண்டுபிடித்திருந்தது. குழு எழுந்து சுவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போயிற்று.

அவன் சாப்பிடவில்லை. மேடம் ஓடெட் அவனைத் தேற்றும் விதமாகப் படக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். கப்பல் முந்தாநாள்தான் திரும்பி வந்தது, புதுப் படங்கள் இன்று காலைதான் மாட்டினோம், நீங்கள்தான் முதலில் பார்க்கப்போகிறீர்கள் என்றார். கப்பல் வந்துவிட்டதை அவனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

'நீரிணை மக்களின் சைகைகள்' என்று பெரிதாக எழுதியிருந்தது. பணிகிற சைகை, பேரம் பேசுகிற சைகை, ஈ ஓட்டுகிற சைகை. கூடத்தின் நடுவே, விளக்கு போட்டு, ஆள் உயரத்துக்கு ஒரு படம். பாதி முங்கின சின்னப் படகு. அதன் மேல் கால் அகட்டி ஒருவன் நிற்கிறான். உதடு வெடித்து வெள்ளையாக இருக்கிறது. கையை உயர்த்தி ஆரஞ்சுத் தொப்பி ஒன்றைச் சுழற்றுகிறான். சிரிக்கிறான். படத்துக்குக் கீழே 'விடைகொடுக்கும் சைகை' என்று எழுதியிருந்தது.

சிரிப்புதான் ஜுனைதியை உடைத்தது. முக்லிஸ் வெள்ளைக் கப்பலை அடையாளம் கண்டுகொண்டிருக்கிறான். வந்துவிட்டார்கள் என்று சிரித்திருக்கிறான்.

"அழகா இருக்கு இல்ல? தொப்பியில நம்ம சின்னம் தெரியுது பாருங்க. நம்ம பணி எவ்ளோ தூரம் போய்ச் சேந்திருக்குன்னு காட்டுது. ரொம்ப நேரம் ஆட்டிக்கிட்டே இருந்தாரு. அவ்ளோ பாசம்," என்றார் மேடம் ஓடெட்.

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"நாங்களும் கையசைச்சோம்."

ஜுனைதி தலைப்பாகையைக் கழற்றித் தரையில் வைத்தான். அது தன் தம்பி என்று சொன்னான். எந்த இடத்தில் பார்த்தீர்கள், அதை மட்டும் சொல்லுங்கள், போதும் என்றான்.

முனைவர் கிளாரன்ஸ் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவர் முகம் உண்மையாகவே வெளுத்தது. படத்தையும் ஜுனைதியையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு நொடி அவர் மனிதராக நின்றார். அதற்குள் குழுவும் பின்னால் வந்து சேர்ந்துவிட்டது.

"துணியை ஆட்டினா ஆபத்துன்னு அர்த்தம்கிறது உங்க வழக்கம்," என்றார். "எங்க வழக்கத்துல அதுக்கு வானத்துல விடற ஒளிக்குண்டு இருக்கு. அவரு எதைச் சொல்ல வந்தாருன்னு நாங்களா ஒரு அர்த்தம் கற்பிச்சிருந்தா, அது அவருக்குச் செய்யற அவமரியாதையா இருந்திருக்கும். உங்க துக்கத்துல நாங்க பங்கெடுத்துக்கறோம், உங்க நெறி அதை அனுமதிச்சா."

"எந்த இடம்?"

"அங்கதான் ஒரு சங்கடம். படம் எடுத்த இடத்தை வெளிய சொல்றதில்ல. படத்துல இருக்கிறவரோட அந்தரங்கம் அது. அவரு வந்து சம்மதம் குடுத்தா நாளைக்கே சொல்லலாம்."

ஜுனைதி அவர் சட்டையைப் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் அதையும் படம் எடுத்து மாட்டியிருப்பார்கள். "சொல்லித்தான் ஆகணும்," என்றான். டிங். "சொல்லித்தான் ஆகணும்." டிங். அவன் சொல்லிக்கொண்டே இருந்தான், மணி அதிகாரி அடித்துக்கொண்டே இருந்தார், கடைசியில் காவலாளி வந்து கழுத்து அட்டையைக் கழற்றிக்கொண்டு அவனை வாசலில் விட்டான். செருப்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

ஊரில் சுரைதா துறைமுகத்திலேயே நின்றிருந்தாள். அவன் பின்னால் வேறு யாராவது இறங்குகிறார்களா என்று பார்த்தாள்.

"பாத்திருக்காங்க," என்றான்.

"எப்படி இருந்தாரு?"

"நின்னுக்கிட்டிருந்தான். தொப்பிய ஆட்டிக்கிட்டு. சிரிச்சுக்கிட்டு."

அவன் மிச்சத்தையும் சொன்னான். கையசைத்ததையும் சொன்னான். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பிற்பாடு பலமுறை நினைத்தான். அன்று மாலையே படகுகள் கிளம்பின. எல்லைக்கோட்டைத் தாண்டியும் போய்த் தேடின. காவல் கப்பல் விரட்டியது, திரும்பின, மறுபடி போயின. ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை.

வருடம் ஒன்று போனது. ஒரு நாள் காலை, வலை இழுக்கிற நேரத்தில், அபா சாலே கையை நெற்றியில் வைத்துப் பார்த்துவிட்டு, "பாவாங், உங்க சொந்தக்காரங்க வந்திருக்காங்க," என்றார். வெள்ளைக் கப்பல் பக்கவாட்டாக வந்துகொண்டிருந்தது. ஒளிக்குண்டுகளை ராத்திரியே விட்டுத் தீர்த்திருப்பார்கள் போல. மேல்தளத்தில் ஆட்கள் வரிசையாக நின்று துணியை ஆட்டினார்கள். மேஜைவிரிப்பை, துண்டை, சட்டையை.

அபா சாலே எழுந்து நின்று, பல்லைக் காட்டிக்கொண்டு, அவர்களைப் பார்த்துப் பதிலுக்குக் கையசைத்தார். மெதுவாக, பாசமாக, நெடுநேரம்.

"நம்மளும் மரியாதை தெரிஞ்சவங்கன்னு தெரியட்டும், பாவாங். ஆட்டிட்டுப் போயிடலாம்."

படகில் யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் ஜுனைதியைத்தான் பார்த்தார்கள். அவன் சுக்கானைப் பிடித்தபடி அந்தத் துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வலது கை சுக்கானை விட்டுக் கொஞ்சம் எழும்பியதை அபா சாலே பார்த்தார். எழும்பி, அங்கேயே நின்றது.

"கையை எறக்குங்க, அபா," என்றான் கடைசியில். தன் கையையும் இறக்கினான். "கயித்தை எடுங்க."

இந்த முறையும் மீன் அழுகியது. வழி நெடுக ஜுனைதி பின்னால் திரும்பவில்லை. இரண்டு பக்கத்துத் தண்ணீரையும் பார்த்துக்கொண்டே வந்தான். அது அவனுக்குப் பழக்கமாகியிருந்தது. கப்பலின் முகப்பில் நின்றுகொண்டு முனைவர் கிளாரன்ஸ் தன் ஆட்களுக்கு ஏதோ விளக்குவது எஞ்சின் சத்தத்துக்கு நடுவே விட்டு விட்டுக் கேட்டது. பார்த்தீர்களா, அவர்கள் நெறி அவர்களைக் கட்டுகிறது, நாம் தலையிடாததால்தான் இன்னும் உயிரோடு இருக்கிறது என்கிற மாதிரி.

கரையில் இறங்கியதும் அவர் பழைய இடத்துக்கே போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். மற்றவர்களும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஊர் தள்ளி நின்றது. இலைக்கொத்து வரவில்லை, அரிசி வரவில்லை. முனைவர் கிளாரன்ஸ் சற்று நேரம் பார்த்துவிட்டு, மறந்திருப்பார்கள் என்று நினைத்தோ என்னவோ, ஞாபகப்படுத்துவது போல வாயை லேசாகத் திறந்தார். மஞ்சள் சோறு வரவில்லை. கயிறு போடுவது கட்டாயம். சோறு ஊட்டுவது கட்டாயம் இல்லை.

ஆனால் கடலிலிருந்து வந்தவனுக்குக் குடிக்கக் கொடுக்காமல் இருக்க முடியாது. சுரைதா தட்டில் காப்பிக் கிளாஸ்களோடு வந்தாள். வரிசையாகக் கீழே வைத்துக்கொண்டே போனவள் மேடம் ஓடெட்டின் முன்னால் நின்றாள். அவள் யார் என்று அவருக்குத் தெரியாது.

"அவரு ஆட்டினப்ப நீங்களும் ஆட்டினீங்களாமே," என்றாள். "எந்தக் கையி?"

மேடம் ஓடெட் கொஞ்சம் விழித்தார். பிறகு, கேட்டதைக் காட்டுவதுதான் மரியாதை என்று நினைத்தவர் போல, வலது கையை நீட்டினார்.

சுரைதா அந்தக் கையை நன்றாகப் பார்த்தாள். பிறகு அதில் ஒரு காப்பிக் கிளாஸை வைத்துவிட்டு, அடுத்தவருக்குக் கொடுக்கப் போனாள்.